இரண்டு விரற்கடை நீர்

அணைக்கரையில் ஒரு பலகை:
'ஆழமான பகுதி. இறங்காதீர்.'
என் கக்கத்தில் ஒரு பலகை.
அதற்கு வேண்டியது
ஆழமே இல்லாத இடம்.
இரண்டு விரற்கடை நீர்,
கல்லில்லாத வண்டல்,
ஓடிவர இருபது தப்படி.

கிருஷ்ணகிரியிலிருந்து
எந்தப் பக்கம் போனாலும் கடல்
ஐந்து மணி நேர பஸ்.
ஒரே ஒரு முறை போனேன்.
கோவளத்தில் ஒரு பெண் ஈரமணலில் வழுக்கிப்போய்
அலையின் முகத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்,
வாசலில் செருப்பை விட்டுவிட்டு
மறந்துபோன சாவியை எடுக்க வந்தவள் மாதிரி
அவ்வளவு சாதாரணமாக.

பலகை செய்தது இம்தியாஸ்.
ஓசூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை,
மிச்சமான பிளைவுட், ஃபைபர் துணி, ரெசின்.
மூக்கு வளைய
இரண்டு ராத்திரி ஸ்டெப்னியை ஏற்றி வைத்தான்.
அடிப்பக்கம் சிவப்பில் எழுதியிருக்கும்:
அவசர வழி.
அச்சுத்தகடு சும்மா கிடந்ததாம்.

முதல் மாதம் முழுக்கக் குதித்தேன்.
குதித்தால் அது முன்னே போகும்
நான் பின்னே உட்காருவேன்.
திங்கட்கிழமை ஆலையில்
ஸ்டூலில் உட்கார முடியாமல் நின்றபடியே
மாம்பழக்கூழின் இனிப்பை அளந்தேன்.
பதினாறு. பதினாறு. பதினைந்தரை.
சூப்பர்வைசர் கேட்டார்,
'ஏம்மா, மூலமா?'

இம்தியாஸின் போனில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம்.
ஏறுகிற நொடியில்
இரண்டு காலும் ஒன்றாக இறங்குகின்றன.
அங்கேயே செத்துப்போகிறது
அதுவரை ஓடிச் சேர்த்த வேகம்.
அன்றைக்குத்தான் நோட்டில் எழுதினேன்:
பலகை என்பது ஏறுகிற இடமில்லை.
ஓட்டத்தின் அடுத்த இரண்டு எட்டு.

இன்னொன்றும் தெரிந்தது.
நான் என் பாதத்தையே பார்க்கிறேன்.
பாதம் எங்கும் போய்விடாது.
பார்க்கவேண்டியது
அக்கரை மாந்தோப்பில் சாய்ந்து நிற்கும் கரண்டுக் கம்பம்.

ஜூனில் வழுக்கம் வந்துவிட்டது.
பதினைந்து தப்படி, பதினெட்டு தப்படி,
கண்ணாடிமேல் விரல் இழுப்பதுபோல் நேராக.
நேராக மட்டும்.
அலையில்லாத நீரில் திரும்புவதெப்படி?
எதில் முட்டித் திரும்புவது?
அணையில் காற்றடித்தால்
நீர் லேசாகச் சிலிர்க்கும், அவ்வளவுதான்.

ஐந்து மணிக்குக்
கெம்பராஜின் எருமைகள் வந்தன.
ஏழு.
கொளுத்துகிற வெயிலிலிருந்து
ஏழும் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்தன.
கணுக்காலுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே
ஒரு மடிப்பு
கரையோரமாக என்னைப் பார்த்து வந்தது.
அலை.
வாயைப் பிளந்து நின்றதில்
அதைத் தவறவிட்டேன்.

மறுநாள் ஓடினேன், நேர் எதிராக.
அலை பலகையின் மூக்கைப் பிடித்து முறுக்கி
என்னை எருமைச்சாணியில் போட்டது.
அடுத்த நாள் சாய்வாக.
முழங்கால் மடித்து,
உள்பக்கக் கையை நீரில் கோடிழுக்கவிட்டு.
தோள் முதலில் திரும்ப வேண்டும்.
பிறகு இடுப்பு.
பலகை கடைசியாகக் கேட்டுக்கொள்ளும்.
எனக்கோ எல்லாம் ஒன்றாகத் திரும்பின,
தலை உட்பட, தண்ணீருக்குள்.

கெம்பராஜுக்கு ஒரே கவலை.
'மிரண்டா பால் அடக்கிக்கும்மா.'
பேசி முடித்தோம்:
பால் குறைந்தால் குறைந்த அளவுக்குக் காசு.
அவர் பத்து நிமிஷம் முன்னாலேயே ஓட்டிவருவார்,
மேற்கே சூரியன் கண்ணில் குத்தாத நேரத்தில்.

அணைநீர் தினமும் கொஞ்சம் இறங்குகிறது.
நேற்றுக் கரையாக இருந்தது இன்றைக்கு வெறும் விரிசல்.
தினமும் புதிதாகத் தப்படி அளக்கிறேன்,
மட்டியோடு பொறுக்கி எறிகிறேன்,
குதிகால் வெட்டுக்கு மஞ்சள் வைக்கிறேன்.

நேற்று
வலது குதிகாலில் பாரத்தை வைத்தேன்,
வைத்ததே தெரியாமல்.
தோள், இடுப்பு, அப்புறம் அது.
மடிப்பு பலகையின் அடியில் புகுந்து தள்ளியது.
கம்பம் கண்ணைவிட்டுப் போனது,
கரை வந்தது, இம்தியாஸ் வந்தான்,
அவன் கத்துவது வந்தது.
குறுக்கே நின்ற கன்று ஒன்று
அசையாமல் என்னைப் பார்த்தது.
அதைச் சுற்றிக்கொண்டு வந்து
உலர்ந்த சேற்றில் ஓடி இறங்கினேன்.

நோட்டில் இருப்பது இவ்வளவுதான்:
செவ்வாய். அலை நான்கு. திரும்பியது ஒன்று.
பால் கால் லிட்டர் குறைவு.
கொடுக்கவேண்டியது பதினைந்து ரூபாய்.